புத்ராஜெயாவில் பெரட்டு

ஞாயிற்றுக்கிழமை புத்ராஜெயாவுக்குப் போகிறேன் என்று சொன்னால், கோலாலம்பூர்க்காரர்கள் உடனே, "இன்னிக்கு மூடியிருக்குமே!" என்பார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கும் ஊரை எப்படி மூட முடியும் என்று கேட்டால், "ஆபீஸ் லீவுல்ல?" என்று பதில் வரும். ஊரையே ஓர் அலுவலகமாகப் பாவித்துச் சொல்லும் பதில் அது. தப்பென்று சொல்ல முடியாது.

கோலாலம்பூருக்குத் தெற்கே 25 கிலோமீட்டர். தலைநகரில் நெரிசல் தாங்கவில்லை, அரசாங்கத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் மூச்சு விடலாம் என்று யோசித்து, 1993இல் இடத்தை முடிவு செய்தார்கள். 1995இல் வேலை தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் குடிபோனது. 2001 பிப்ரவரி 1ஆம் தேதி நாட்டின் மூன்றாவது கூட்டரசுப் பிரதேசம் என்ற பட்டமும் கிடைத்தது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரை வைத்துக்கொண்டு, பெரும்பாலான அமைச்சுகளையும் வாங்கிக்கொண்டு, ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டது. நாடாளுமன்றமும் மாமன்னரின் அரண்மனையும் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டன. ஆகவே சட்டம் அங்கே பிறக்கிறது, கோப்பு இங்கே வளர்கிறது. எந்த நெரிசலுக்குப் பயந்து இத்தனையும் செய்தார்களோ அந்த நெரிசல், காலையும் மாலையும் நெடுஞ்சாலை வழியாகத் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

அந்த ஊருக்கு நான் அது ஊராவதற்கு முன்பே போய் வந்தவன். அங்கே என் அத்தை வீடு இருந்தது.

அப்போது அதன் பெயர் பிராங் புசார். முதல் உலகப் போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு 1921இல் 800 ஏக்கர் காட்டை வளைத்து ரப்பர் போட்டார்கள். தாங்கள் பார்த்துவிட்டு வந்த பெரிய போரின் பெயரையே மலாயில் தோட்டத்துக்கும் சூட்டினார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு அது பின்னாளில் 8,000 ஏக்கராகப் பெருத்தது. போர் அவர்களுடையது, தோட்டம் அவர்களுடையது. காலை இருட்டில் எழுந்து போய் மரத்தைச் சீவியவர்கள் மட்டும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலில் வந்தவர்கள்.

ரப்பர் உலகத்தில் பிராங் புசாருக்குப் பெரிய பெயர் உண்டு. நிறையப் பால் தரும் தாய் மரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் மொட்டை எடுத்து வேறு கன்றில் ஒட்டி, அதே குணமுள்ள மரங்களைப் பெருக்கும் வேலையை 1920களிலேயே அங்கே தொடங்கிவிட்டார்கள். அங்கே உருவான இரகங்களுக்குத் தோட்டத்தின் முதலெழுத்துகளே தலைப்பெழுத்து: பிபி 86, பிபி 217, பிபி 260. பிபி 86 மலாயாவோடு நிற்காமல் இலங்கைக்கும் போய் மலைச்சரிவுகளைப் பிடித்துக்கொண்டது. தாய்லாந்தில் பெருமளவு நடப்பட்ட ஆர்ஆர்ஐஎம் 600 என்ற புகழ்பெற்ற இரகத்துக்குப் பெற்றோர் இருவரில் ஒருவர் இந்தப் பிபி 86தான். கேரளத்தில் ரப்பர் வைத்திருப்பவரிடம் பிபி 260 என்று சொன்னால், அதன் பால், பட்டை, சீக்கு எல்லாவற்றையும் ஒப்பிப்பார். மரங்களுக்கு இப்படித் தாய் யார், தகப்பன் யார் என்று வம்சாவளி எழுதிவைத்த தோட்டத்தில், பால் வெட்டியவர்களுக்கு இருந்தது செக்ரோலில் ஒரு வரி. சம்பளப் பேரேட்டில் பெயர் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நாங்கள் கோலாலம்பூரில் செந்தூல்வாசிகள். ஒரு கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே பாத்திரம் உருளும் சத்தம், எதிரே சினிமாப் பாட்டு, அப்பால் ரயில். பள்ளி விடுமுறை விட்டதும் அப்பா, "ரெண்டு வாரம் அமைதியா இருந்துட்டு வரட்டும்" என்று என்னை அத்தை வீட்டுக்கு அனுப்புவார். அமைதி யாருக்கு என்பதை அவர் சொன்னதில்லை. புடு ராயாவில் ஒரு பஸ், காஜாங்கில் இறங்கி இன்னொரு பஸ், அதுவும் போகாத தூரத்துக்குச் செம்மண் சாலையில் நடை. காலையில் புறப்பட்டால் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியான வெயில் சாய்ந்திருக்கும். தலைநகரத்துக்குப் பக்கத்துத் தோட்டம் என்று பெயர்தானே தவிர, தலைநகரம்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

போய்ச் சேர்ந்த முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. தோட்டத்து மின்சாரம் பத்து மணியோடு நின்றுவிடும். அதன்பின் தவளையும் சுவர்க்கோழியும்தான். மெல்ல கண்ணை மூடும் நேரத்தில், "டங் டங்" என்று தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, எழுப்பும் மணி. எந்த மகானுபாவர் இந்த இடத்தை அமைதியான இடம் என்று அப்பாவுக்குச் சொன்னாரோ, அவர் விடிகாலை நாலரை மணிக்கு அங்கே இருந்ததே இல்லை. அறுபது வீட்டிலும் ஒரே நேரத்தில் கதவு திறக்கும், அடுப்பு எரியும், பிள்ளை அழும், நாய் குலைக்கும். கைப்பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பெண்கள் ஆயாக்கொட்டகைக்கு ஓடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை, யாருக்குப் புல்வெட்டு, யாருக்கு உரம் என்று வேலை பிரிப்பார். தாமதமாக வந்தவருக்கு அன்று வேலை கிடையாது. சொல்லிப் பார்க்கலாம், கிராணியின் பேனா மூடிவிட்டால் மூடியதுதான்.

இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் மரம். குளிர்ந்த நேரத்தில் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். மழை பெய்தால் வெட்டே இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. பத்து மணி வாக்கில் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு மாமா ஸ்டோருக்குச் சுமந்து வருவார். அங்கே கிராணி மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பார். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்கும் கருவி. சம்பளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க ஏன் கருவி வரவில்லை என்று மாமா ஸ்டோருக்கு வெளியே வந்த பிறகு கேட்பார். உள்ளே வைத்துக் கேட்டதில்லை.

மானேஜரின் பங்களா எப்போதும் மேட்டில் இருக்கும். அதற்குக் கீழே உதவி மானேஜர், அதற்கும் கீழே கிராணிமார் குவார்ட்டர்ஸ், பிறகு மண்டோர் வீடு, கடைசியில் பள்ளத்தில் லயங்கள். ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், அவருடைய சம்பளத்தைச் சொல்லிவிடலாம். கடைக்காரருக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மூன்று நாள் ஒலிபெருக்கி அலறும். சம்பள நாளில் கள்ளுக்கடை அலறும். மாதம் ஒரு தடவை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள், அன்றைக்குப் பெரிய ரப்பர் மரங்கள்கூடக் கதாநாயகன் பக்கம் சாய்ந்துவிடும். இந்த அமர்க்களத்தில் இருந்து செந்தூலுக்குத் திரும்பினால்தான் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

வீட்டைப் பற்றித் தோட்டத்தில் ஒரே சட்டம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடு போகும். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ரப்பர் இருக்கும்வரை வேலை இருக்கும், வேலை இருக்கும்வரை வீடு இருக்கும், ரப்பர் எங்கே போய்விடப் போகிறது என்பது அவர் வாதம். செம்பனை வந்து பாதி நிலத்தைப் பிடித்தபோதும் வாதத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார். அரசாங்கமே வந்து குடியேறும் என்பதற்கு அவரிடம் வாதம் இல்லை.

முதலில் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகள் வந்தன. நிலம் அளப்பவர்கள் குச்சியை நட்டுவிட்டுப் போவார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் பிடுங்கி விளையாடுவார்கள், மறுநாள் இன்னும் தள்ளி நட்டிருப்பார்கள். செப்பாங்கில் விமான நிலையம் வருகிறது, இங்கே அதற்குச் சாலை போடுகிறார்கள் என்றார் கடைக்காரர். யுனிவர்சிட்டி என்றார் மண்டோர். கிராணி எதுவும் சொல்லவில்லை; அதிலிருந்துதான் விஷயம் பெரிது என்று லயத்துக்குப் புரிந்தது. பிராங் புசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டத்துக் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுக்குமாடி கொஞ்ச நாளைக்குத்தான், தரைவீடு பின்னால் வரும் என்று நம்பியிருந்தார்கள். விரிசல்தான் முதலில் வந்தது. தரைவீட்டுக் கோரிக்கைக்கு 20 வயது தாண்டியது. நாட்டிலேயே மிகக் கவனமாகத் திட்டமிட்ட நகரத்துக்காக எழுந்துபோனவர்களின் வீட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் திட்டம் இல்லாமல் போயிருந்தது.

மாமா டெங்கிலில்தான் காலமானார். அத்தை அங்கேதான் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியும் விடிகாலை நாலரைக்கு எழுந்து, பெரட்டு இல்லாத ஒரு நாளை என்ன செய்வதென்று தெரியாமல் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பவர்.

செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ரயில் ஏறினால் புத்ராஜெயா சென்ட்ரலில் இறங்கலாம் என்று 2023 மார்ச்சில் ஆனபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அரை நாள் பயணம், இரண்டு பஸ், ஒரு நடை எல்லாம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கிவிட்டது. பார்க்க ஆள் இருந்த காலத்தில் ரயில் இல்லை. ரயில் வந்த காலத்தில் பார்க்க ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதில் போய் இறங்கினேன். டெங்கிலிலிருந்து அத்தையை மச்சான் காரில் கூட்டிவந்தான். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கடா நம்ம ஊரு?" என்றார்.

"இதுதான் அத்தே."

"இது ரோடு. ஊரு எங்க?"

ரோடுதான். பெர்சியாரான் பெர்டானா என்ற அந்த ராஜபாட்டை நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நூறு மீட்டர் அகலத்தில் ஊர்வலம் போகலாம். ஊர்வலத்துக்குத்தான் ஆள் வேண்டும். ஒரு கோடியில் மேட்டின் மேல் பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம், மறு கோடியில் மாநாட்டு மண்டபம், நடுவே நீதிமன்ற மாளிகை, அமைச்சுகள், மாற்றி மாற்றி அரேபியக் கமானும் கண்ணாடிச் சுவரும். விளக்குக் கம்பங்கள்கூட அரச களையோடு நிற்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் சாலையில் எங்கள் கார், ஒரு சைக்கிள் கூட்டம், நிழலைத் தேடி நடந்து தோற்றுப்போன ஒரு வெளிநாட்டுக் குடும்பம், அவ்வளவுதான். போக்குவரத்து விளக்கு சிவப்பில் நின்றது. குறுக்கே போக யாரும் இல்லை. மச்சான் ஒழுங்காக நின்றான். அமைச்சுகள் எல்லாம் சுற்றி நிற்கும்போது விதியை மீற அவனுக்குத் தைரியம் இல்லை.

"யாருமே இல்லியே! எல்லாரும் பால் வெட்டப் போயிட்டாங்களா?" என்றார் அத்தை.

மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழ்வார்கள் என்று கணக்குப் போட்ட ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் 1,09,202 பேர். அவர்களிலும் பலர் வெள்ளிக்கிழமை மாலை கிளந்தானுக்கும் பேராவுக்கும் கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். வார நாளில் கதை வேறு: பாங்கியிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் கார்கள் புல்தரை ஓரம்வரை நிற்கும். வேலை நேரம் முடிந்ததும் மறுபடி வெறும் புல்தரை. இந்தியர்கள் நூற்றுக்கு ஓரிருவர் தேறலாம். "நம்ம ஆளுங்க இருந்த இடம்" என்று அத்தை எந்தப் பக்கம் கைகாட்டினாலும் அந்தப் பக்கம் ஓர் இலாகா இருந்தது.

ஏரியைப் பார்த்ததும் அத்தை குழம்பிப்போனார். தோட்டத்தில் ஏரி கிடையாது. சுவாவ் என்றொரு சின்ன ஆறு இருந்தது. மாமா தூண்டில் போட்ட ஆறு, நான் செருப்பைத் தொலைத்த ஆறு. அதையும் பீசா என்ற இன்னோர் ஆற்றையும் மறித்து, மேலே 200 ஹெக்டேருக்குச் சதுப்பு நிலம் அமைத்து, நாணலும் கோரையும் நட்டு, அவை வடிகட்டிய தண்ணீரைக் கீழே 400 ஹெக்டேர் ஏரியில் தேக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒரு நகரம் தன் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டு பிறந்தது அபூர்வம். ஆனால் லயம் இருந்த பள்ளம் தண்ணீருக்கு உள்ளேயா, வெளியேயா என்று அத்தைக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மேட்டில் இருந்தவர்களின் இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. மேடு எப்போதும் மேடுதான், இப்போதும் அதில் பெரியவர்கள்தான்.

ஏரியின் மேல் ஒரு தொங்குபாலம் தெரிந்தது. இரண்டு பக்கமும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்க, கம்பீரமான பாலம். மோனோரயிலுக்குக் கட்டியது. பாலம் வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, ரயில் வரவில்லை. செலவு மிஞ்சிப்போகிறது, ஏறுவதற்கு அவ்வளவு ஆள் இல்லை என்று திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மச்சான் இதையெல்லாம் விளக்கியதும் அத்தை, "தோட்டத்தில பாலம் இல்லாத ஆத்தை லாரி தாண்டிச்சு. இங்க லாரி இல்லாத ஆத்துக்குப் பாலம்" என்றார். தோட்டத்து லாரி ஆற்றைத் தாண்டியபோது பின்னால் நின்று தள்ளியது மாமா என்பதால் அந்த ஒப்பீட்டை அவர் மனதாரச் சொன்னார்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் பக்கம் போனபோதுதான் எனக்கு இந்த ஊர் பிடிபட ஆரம்பித்தது. புத்ராஜெயாவை 20 பிரிசிண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். வட்டாரங்களுக்குப் பெயர் வைக்க நேரமில்லாமல் எண் போட்டுவிட்டார்கள்; பிபி 86, பிபி 217 என்று பழகிய மண்ணுக்கு அது புதிதல்ல. அரசாங்க ஊழியர்களுக்குப் பதவித் தரத்துக்கேற்ப வகுப்பு பிரித்த குவார்ட்டர்ஸ்கள். எந்த வகுப்பு வீடு என்று சொன்னால் சம்பளத்தைச் சொல்லிவிடலாம். காலையில் வருகைப் பதிவு இயந்திரத்தில் அட்டையைத் தேய்க்க வேண்டும். தாமதமானால் சிவப்பில் விழும். அலுவலகத்திலேயே பிள்ளைகளுக்கு தாஸ்கா என்ற காப்பகம் உண்டு. கைப்பிள்ளையைக் காலையில் விட்டுவிட்டு மேசைக்கு ஓடலாம். கடைத்தெருவுக்குப் பதில் அலமண்டா பேரங்காடி. பங்களா மேட்டில். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒரே சட்டம்: வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

தோட்டத்தை அழித்து நகரம் கட்டினார்கள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், தோட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மரத்தையும் ஆளையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெரட்டு இருக்கிறது, கிராணிகள் இருக்கிறார்கள், ஆயாக்கொட்டகை குளிரூட்டப்பட்டிருக்கிறது. முன்பு மரத்திலிருந்து பால் எடுத்தார்கள், இப்போது மரத்திலிருந்து வரும் காகிதத்தில் கையெழுத்து எடுக்கிறார்கள். கள்ளுக்கடை ஒன்றுதான் குறை.

மரங்களையும் முழுக்க மறந்துவிடவில்லை. பிரிசிண்ட் 16இல் வேளாண்மை மரபுப் பூங்கா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 8,000 ஏக்கர் ரப்பரையும் செம்பனையையும் அகற்றிவிட்டு, வருங்காலச் சந்ததி பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் செம்பனையும் நட்டிருக்கிறார்கள். மங்குஸ்தான், ரம்புத்தான், கோக்கோ எல்லாம் பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. நாங்கள் போன நேரத்தில் ஓர் இளைஞர் நாலைந்து பிள்ளைகளுக்கு ரப்பர் மரத்தைக் காட்டி, மலாய் மொழியில் விளக்கிக்கொண்டிருந்தார். பட்டையில் சாய்வாக வெட்டு, கீழே மங்கு. அத்தை கிட்டே போனார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெட்டைப் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஆழமா போயிருக்கு. மரத்துக்குக் காயம் ஆயிரும்" என்றார் மலாயில்.

இளைஞர் மரியாதையாகச் சிரித்தார். "மக்சிக், உங்களுக்கு வெட்டத் தெரியுமா?"

மக்சிக் என்றால் அவர்கள் பேச்சில் அத்தை, சித்தி எல்லாம் அடங்கும். அத்தை உளியை வாங்கிக்கொண்டார். பட்டையின் தடிப்பில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவுக்கு மேல் உளி போகக் கூடாது, இடது மேலிருந்து வலது கீழே ஏன் இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பில் மெல்லிய சுருளாகப் பட்டையைச் சீவினார். மத்தியான வெயிலில் பால் தயங்கித் தயங்கித்தான் வந்தது. பிள்ளைகள் கைதட்டின. "இந்நேரத்துக்கு வெட்டினா எங்க கிராணி வேலைய விட்டே தூக்கிருப்பாரு" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, உளியின் முனையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். என்ன இரகம் என்று பலகையில் தேடினேன். ரப்பர் என்று மட்டும் எழுதியிருந்தது. பிபி என்ற இரண்டு எழுத்தும் பிறந்த மண்ணில் அந்த மரத்துக்கு வம்சாவளி இல்லை. பால் வெட்டியவர்களோடு சமத்துவம் வருவதற்கு அதற்கு நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

பசி எடுத்தது. ரோஜா நிறக் கருங்கல்லில் கட்டிய புத்ரா பள்ளிவாசலுக்குக் கீழே, ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். ஊரில் கூட்டம் என்று ஒன்று இருந்தது அங்கேதான்: சுற்றுலாப் பஸ்ஸில் வந்தவர்கள், பள்ளிவாசலையும் ஏரியையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். இடம் இல்லாமல் ஒரு மலாய்க்காரர் மேசையில் உட்கார்ந்தோம். ஐம்பத்தொன்பது வயதிருக்கும். நாசி லெமாக் முடித்து தே தாரேவை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். டெங்கில் என்றார் அத்தை. அதற்கு முன்னால் இங்கேதான், இந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் எங்கேயோ, என்று கையை வீசினார்.

அவர் ஏரியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தான் 1999இல் கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த முதல் கூட்டத்தில் ஒருவர் என்றார். அப்போது இங்கே சாப்பாட்டுக் கடை கிடையாது, வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்களாம். சாயங்காலம் ஆனால் விளக்கும் பன்றியும்தான் இருக்குமாம். செம்பனைக்குள்ளிருந்து காட்டுப்பன்றி சாலைக்கு வரும். பிள்ளைகள் நான்கும் பிரிசிண்ட் 9 குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தன. அடுத்த வருஷம் ஓய்வு.

"அப்ப வீடு?" என்றார் அத்தை. எல்லாவற்றையும் தாண்டி நேரே அந்தக் கேள்விக்கு வந்தார்.

"சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான், மக்சிக். கிளந்தானுக்குத் திரும்ப மனைவிக்கு இஷ்டமில்லை. பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். ஆனால் இங்கே வீடு வாங்குகிற விலையா இருக்கிறது?"

அத்தை தலையாட்டினார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எல்லாம் இப்போது அந்த மனிதருக்காக ஒவ்வொன்றாகக் கேட்டார். சேமநிதி எவ்வளவு வரும்? கடன் இருக்கிறதா? பிள்ளைகள் உதவுவார்களா? தரைவீடா, மாடியா? மாடி என்றால் எத்தனையாவது மாடி? மனைவிக்கு முழங்கால் எப்படி? மண்ணைத் தொடாத வீட்டில் கருவேப்பிலைச் செடி வைக்க முடியாது என்பதையும் சொன்னார். அந்த மனிதர் பாண்டான் இலைக்கும் அதே கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியில் தயங்கிச் சொன்னார், ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறாராம். பக்கத்தில்தான். டெங்கில்.

மச்சான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவனுக்குப் புரையேறியது. அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த தெருவுக்கு வரப்போகும் ஆள் என்பதால் குரலில் உரிமை வந்துவிட்டது. சாவி கையில் வாங்குவதற்கு முன்னால் சுவரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார், விரிசல் இருந்தால் சுண்ணாம்பு பூசி மறைத்திருப்பார்கள், தட்டிப் பார்த்தால் தெரியும். சந்தை புதன்கிழமை, மீன் அன்று மலிவு. தண்ணீர் திடீரென்று நிற்கும், ஆகவே பெரிய தொட்டி இரண்டு வாங்க வேண்டும், ஒன்று போதாது. எல்லாவற்றையும் அவர் கைபேசியில் குறித்துக்கொண்டார், பழக்கப்பட்ட அரசாங்க ஊழியர் அல்லவா, வரிசை எண் போட்டு.

"தரைவீடு பிறகு தருகிறோம் என்று யாராவது சொன்னால்?" என்று அவரே கேட்டார், சிரித்துக்கொண்டு.

"எழுதி வாங்குங்க" என்றார் அத்தை. "எழுதறது உங்க ஆளுங்கதானே."